புதன்கிழமை, பால்வாடி, காலை பத்து மணி

அந்த ஆடியோ என் போனுக்கு வந்தது 2018 நவம்பரில். ஊரிலிருந்து சித்தப்பா மகள் அனுப்பியிருந்தாள். பெண் குரல், நம்ம திருநெல்வேலிப் பேச்சு. "எக்கா, பள்ளிக்கூடத்துல ஊசி போட வாராவளாம், பிள்ளையள அனுப்பிராதீய" என்று ஆரம்பித்து ஒன்றரை நிமிடம் மூச்சு விடாமல் போகும். எந்தப் பள்ளிக்கூடம், என்ன ஊசி, எந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது, எதுவும் அதில் கிடையாது. ஆனால் பேசியவளின் பயம் உண்மையான பயம். பிள்ளை பெற்றவள் பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. நானே இரண்டு முறை கேட்டேன்.

அந்த மாதம்தான் மகாராஷ்டிரத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை எல்லாருக்கும் ஒரு ஊசி, பள்ளிக்கூடத்தில் வைத்தே போட்டார்கள். தமிழ்நாட்டில் இதே முகாம் 2017 பிப்ரவரியில் நடந்தது. அப்போது வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியால் நிறையப் பெற்றோர் பின்வாங்கி, முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அங்கே சுற்றி ஓய்ந்த ஆடியோ ஒன்றரை வருடம் கழித்து ரயிலேறி மும்பைக்கு வந்துவிட்டது. எங்கள் சந்தில் மட்டும் அன்று சாயங்காலத்துக்குள் ஏழு போனில் அது இருந்தது. ஏழு பேரும் என் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள்.

நான் இருப்பது சீட்டா கேம்ப். மான்குர்ட் ஸ்டேஷனில் இறங்கி டிராம்பே பக்கம் வரும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 1976 மே மாதம், எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தபோது, அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று ஜனதா காலனியைக் காலி செய்து, அங்கிருந்த ஜனங்களை லாரியில் ஏற்றி இந்தச் சதுப்பு நிலத்தில் இறக்கி விட்டார்கள். அம்மா அப்போது அண்ணனைக் கையில் வைத்திருந்தாள். நான் பிறந்தது இங்கேதான். முனிசிபாலிட்டியின் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், மராத்தி தெருவிலேயே ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஃபீஸ், லீவு, பரீட்சைத் தேதி சொல்வதற்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கிறது. அம்மாக்கள், இரண்டு மூன்று ஆச்சிகள், எல்லாருமாகச் சேர்ந்து அறுபது சொச்சம் பேர்.

அந்த ஆடியோவுக்கு எதிராக அன்று எங்களிடம் என்ன இருந்தது? ஒரு மராத்தி நோட்டீஸ். முனிசிபாலிட்டி சுகாதார நிலையமான ஹெல்த் போஸ்ட்டின் சுவரில் ஒட்டியிருந்ததை யாரோ போட்டோ எடுத்து, அதை இன்னொருவர் போட்டோ எடுத்து, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மேலே முத்திரை, நடுவில் சட்டப் பிரிவு மாதிரி நீண்ட வாக்கியம், கீழே கையெழுத்து. அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனால் என் குரூப்பில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர் தேற மாட்டார்கள். பொய் நம் வீட்டுப் பாஷையில், நம் அத்தை பேசுகிற மாதிரி வருகிறது. உண்மை முத்திரை குத்திய தாளாக வருகிறது. அந்த வருடம் எங்கள் சந்தில் நாலு பிள்ளைகள் அந்த வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. நானும் அன்று குரூப்பில் ஒன்றும் சொல்லவில்லை. டியூஷன் குரூப்பில் எதற்கு இது என்று விட்டுவிட்டேன். அந்த நாலு பேரில் ஒருவன் வேம்படி வீட்டு ஆச்சியின் பெரிய பேரன்.

நாலு வருடம் கழித்து, 2022 அக்டோபர் கடைசியில், கோவண்டியில் பிள்ளைகள் தட்டம்மையில் சாகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் வார்டு, எம் ஈஸ்ட். கொரோனா வந்த இரண்டு வருடத்தில் பிறந்த குழந்தைகள் பலருக்கு ஊசி விட்டுப்போயிருந்தது. ஊரடங்கு, வேலை இல்லாமல் ஊருக்குப் போனது, திரும்பி வந்தது, கார்டு தொலைந்தது, இப்படி வீட்டுக்கு வீடு ஒரு காரணம். தட்டம்மை மாதிரி வேகமாகப் பரவும் நோய் வேறு அதிகம் இல்லை. ஊசி போடாத கூட்டத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பிள்ளைகளுக்குத் தொற்றும். இருமிய பிள்ளை எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கும். எங்கள் வீடுகள் பத்துக்குப் பதினைந்து அடி. ஜன்னல் என்பது கதவுக்கு மேலே ஒரு ஓட்டை. நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றைந்து பேருக்காவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் இந்த நோய் நிற்கும் என்று சொல்வார்கள். எங்கள் சந்தில் எத்தனை பேருக்குப் போட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்துக்கு வரும் சுகாதார ஊழியரை, ஆரோக்ய சேவிகாவை, எல்லாரும் தாயி என்றுதான் கூப்பிடுவோம். மராத்தியில் தாயி என்றால் அக்கா. தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும், அதனாலேயே ஆச்சிகளுக்கு அவளைப் பிடிக்கும். அந்த நவம்பரில் அவள் காலை எட்டரைக்கே தோளில் பையும் கையில் ரிஜிஸ்டருமாக வந்துவிடுவாள். வீடு வீடாகக் காய்ச்சல் உண்டா, உடம்பில் தடிப்பு உண்டா என்று கேட்பாள். வேம்படி வீட்டுக் கதவு மட்டும் அவளுக்குத் திறக்கவில்லை. நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. திரை போட்டிருந்தார்கள்.

நம்ம ஜனங்களுக்கு இது தெரியும். அம்மை போட்டால் அது நோய் என்று சொல்வதில்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது, மருந்து மாத்திரை கூடாது, தண்ணி ஊத்துகிற வரை வேப்பிலைதான். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளி ஆளை விடாமல் பிள்ளையைத் தனியாக வைப்பது நல்ல காரியம். தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பிருந்தே நோய் தொற்ற ஆரம்பித்துவிடும் என்பதால் அது பாதிக் காரியம்தான், ஆனாலும் நல்லது. சிக்கல் அந்த மருந்து கூடாது என்ற இடத்தில் இருக்கிறது. தட்டம்மையில் பிள்ளை சாவது பெரும்பாலும் தடிப்பால் கிடையாது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிறது, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றுகிறது, சத்துக் குறைவான பிள்ளைக்குக் கண் போகிறது.

தாயி என்னிடம் வந்து, "டீச்சர், தும்ஹி போலா" என்றாள். நீங்கள் பேசுங்கள் என்று.

நான் போனேன். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, வாசலிலேயே நின்றேன். ஆச்சி திரையை விலக்கி, "ஆத்தா எறங்கியிருக்கா டீச்சரம்மா, மருந்து மாத்திரைன்னு பேச்செடுக்காதீய" என்றாள். நான் எடுக்கவில்லை. பிள்ளையைப் பார்த்தேன். சின்னப் பேரன், ஒன்றரை வயது. முகம் முழுக்க மணல் தூவிய மாதிரி. கண் சிவந்து பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வேப்பங்கொத்தால் அவன் அம்மா தடவிக்கொண்டிருந்தாள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"ஆச்சி, போலியோ சொட்டு மருந்து குடுத்தோம்லா, அது மாதிரி ஒண்ணு இருக்கு. வாயில விடுறது. கண்ணுக்கு நல்லது. இன்னைக்கு ஒருக்கா, நாளைக்கு ஒருக்கா."

"ஊசி இல்லியே?"

"இல்ல ஆச்சி."

ஆச்சி கொஞ்ச நேரம் சாமி படத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தத் தாயிய செருப்பக் கழத்திட்டு வரச் சொல்லும்" என்றாள்.

வைட்டமின் ஏ. அம்மை கண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வயதுக்கேற்ற அளவில் கொடுக்கிற மருந்து. கண்ணையும் காக்கும், உயிரையும் காக்கும். தாயி அதை வாயில் விட்டுவிட்டு, வேப்பிலையைத் தொடாமல், போனை எடுத்துப் பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணினாள். எண்ணி முடித்ததும் ஆச்சியைப் பார்த்து மராத்தியில் ஒன்று சொன்னாள், நான் தமிழில் சொன்னேன்: இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அன்றைக்கு அந்த மூச்சைக் கண்ணால் பார்த்த பிறகு ஆச்சி மறுக்கவில்லை. வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து பிள்ளையின் தலைமாட்டில் வைத்துக் கூடவே கொண்டுபோனாள். பிள்ளை எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான்.

அவனுக்குத் தண்ணி ஊத்தின அன்றைக்கு நான் ஆச்சியிடம் கேட்டேன், குரூப்பில் நீங்களே பேசுவீர்களா என்று. நான் எழுதிப் போட்ட செய்திகளுக்கு அதுவரை என்ன கதி என்று பார்த்திருந்தேன். நோட்டீஸைத் தமிழில் எழுதிப் போடுவேன். நீல டிக் விழும், நாலு கட்டைவிரல் வரும், புதன்கிழமை பால்வாடியில் கூட்டம் வராது. படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எழுத்து எந்தப் பாஷையில் இருந்தால் என்ன?

ஆச்சிக்கு மைக் படத்தை அழுத்திப் பிடிக்கத் தெரியாது. நான் பிடித்துக்கொண்டேன். அடுப்பில் குக்கர் இருந்தது, நிறுத்தட்டுமா என்றாள் மருமகள், வேண்டாம் என்றேன். ஐம்பது விநாடி பேசினாள்.

"நாந்தான் வேம்படி வீட்டு ஆச்சி பேசுதேன். எம்பேரனுக்கு ஆத்தா போட்டுது. அவனுக்கு ஊசி போடாம விட்டது நாங்கதான். நெஞ்சுல சளி கட்டிட்டு, ஆஸ்பத்திரில வச்சுப் பாத்தோம், இப்ப நல்லாருக்கான். ஆத்தாளக் கும்பிடுங்க, வேப்பிலையும் வையுங்க, யாரு வேண்டாங்கா? கூடவே அந்தச் சொட்டு மருந்தையும் வாங்கிக் குடுங்க. ஊசி போடாத பிள்ளை இருந்தா புதங்கிழம பால்வாடிக்குத் தூக்கிட்டு வாங்க. காலைல பத்து மணி. நானும் அங்கதான் இருப்பேன்."

நடுவில் ஒரு விசில். அது கேட்டதும் யாரும் இது எங்கோ ஆபீஸில் உட்கார்ந்து பேசினது என்று நினைக்க முடியாது. புதன்கிழமை ஆச்சி ஒன்பதரைக்கே வெற்றிலைப் பையோடு பால்வாடித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று எங்கள் சந்திலிருந்து மட்டும் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். பின் சந்திலிருந்து, தமிழ் முஸ்லிம் வீடுகளிலிருந்தும் வந்தார்கள். அங்கே ஜமாத்திலும் சொல்லியிருந்தார்கள், ஆனால் ஒரு அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "அந்தப் பாட்டியம்மா வர்றேன்னு சொல்லுச்சு, வந்திருக்கான்னு பாக்க வந்தேன்."

நானும் அங்கதான் இருப்பேன். எந்த ஃபார்வர்டும் இதைச் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு குரூப்பில் சில வழக்கங்கள் வந்தன. யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை, ஒவ்வொன்றும் ஒரு தவறில் கற்றது. குரலோ எழுத்தோ, முதலில் இடம், தேதி, யார் சொன்னது. அந்தத் தேதி முடிந்ததும் போட்டவரே அழித்துவிட வேண்டும், ஏனென்றால் பழைய செய்தி புதுசு மாதிரி சுற்றும் என்று 2018 ஆடியோ காட்டியிருந்தது. இரட்டை அம்புக்குறியோடு பலமுறை ஃபார்வர்ட் ஆனது என்று வந்தால், அனுப்பியவரைத் திட்டுவது கிடையாது. அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். "எக்கா, நான் தாயிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் பதில். நான் கேட்டுச் சொல்லியே ஆக வேண்டும், அன்று ராத்திரிக்குள். அட்மின் மட்டும் பேசலாம் என்று ஒரு வாரம் பூட்டிப் பார்த்தேன். வதந்தி நின்றது, கேள்வியும் நின்றது. திறந்துவிட்டேன். கேள்வி வராத குரூப் நோட்டீஸ் போர்டு மாதிரிதான்.

பெயர் போடக் கூடாது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம், அது கொரோனாவில் கற்றது. 2020 மே மாதம் ஒரு பட்டியல் சுற்றியது. பெயர், வயது, வீட்டு நம்பர், பாசிட்டிவ். எங்கிருந்து வெளியே வந்தது என்று இன்றுவரை தெரியாது. அதில் எங்கள் செக்டர்க்காரர் ஒருவர், இட்லி வியாபாரம் செய்கிறவர். பதினாலு நாள் முடிந்து நெகடிவ் ஆகித் திரும்பி வந்தார். மூன்று மாதம் அவரிடம் யாரும் இட்லி வாங்கவில்லை. பொதுக் கக்கூஸ் வரிசையில் அவர் மனைவி நின்றால் முன்னும் பின்னும் இடம் விட்டார்கள். அந்தப் பட்டியல் என் போனிலும் இருந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை, ஆனால் பார்த்தேன். இந்த வார்டில் காச நோய் அதிகம், ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் என்ற தகவல் எல்லார் போனிலும் போக வேண்டும். யாருக்கு என்பது ஒருவர் போனிலும் போகக் கூடாது. ஆச்சி தன் பேரனைப் பற்றித் தானே பேசியது வேறு. அது அவள் கொடுத்தது.

மழைக்காலத்தில் குரூப் வேறு மாதிரி ஓடும். கணுக்கால் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போனவர்கள் எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்தை மூன்று நாளுக்குள் எடுக்க வேண்டும், காலில் புண் இருந்தால் அளவு வேறு, கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் மருந்தே வேறு. இதனால் நான் மாத்திரைப் பெயரைப் போடுவதில்லை. போட்டால் நேரே மெடிக்கலுக்குப் போய் வாங்கிவிடுவார்கள். "தண்ணில நடந்தவங்க இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஹெல்த் போஸ்ட்டுக்குப் போங்க, டாக்டர் இருக்காங்க" என்பதுதான் செய்தி. டாக்டர் இருக்கிறாரா என்று யாராவது பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் அதையும் போடுவேன். டிரம் கழுவுகிற நாள் ஞாயிறு. டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும், அதனால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கவிழ்த்தால் போதும். டியூஷன் பையன்கள் டிரம்முக்குள் டார்ச் அடித்து, நெளிகிற புழுவை வீடியோ எடுத்துப் போடுவார்கள், வீட்டு நம்பர் தெரியாமல்.

ஜோக்கின் அற்புதம் ஐயாவை அம்மா அடிக்கடி நினைத்துக்கொள்வாள். கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஜனதா காலனியில் ஜனங்களைச் சேர்த்தவர், 2000இல் மகசேசே விருது வாங்கினார், 2018இல் காலமானார். ஜனதா காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலம் கொடுத்து முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசலில் கொண்டுபோய்ப் போட வைத்தவர். அப்போது போன் ஏது. சந்துக்குச் சந்து ஆள் போய் இத்தனை மணிக்கு இந்த இடம் என்று வாயால் சொன்னதுதான் என்பாள் அம்மா. என் குரூப் பெரிதாக ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை என்பது அவள் அபிப்பிராயம். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். டிசம்பரில் எங்கள் பக்கம் கூடுதல் ஊசி போட்டார்கள். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை, ஏற்கெனவே இரண்டு ஊசி போட்டிருந்தாலும் இன்னொன்று. நோய் பரவிய இடத்துக்கான ஏற்பாடு அது. ஆச்சி அதற்கும் பேசினாள். அது எங்கள் குரூப்பைத் தாண்டி, செக்டர் தாண்டி, செம்பூர், தாராவி போய், ஒரு நாள் களக்காட்டிலிருந்து என் மதினி போன் செய்தாள். "ஏட்டி, போட்ட பிள்ளைக்கும் இன்னொரு ஊசி போடணும்னு ஒரு ஆச்சி சொல்லுதாவளே, நம்ம ஊர் நர்ஸம்மா அப்படி ஒண்ணும் இல்லங்கா. யாரு பொய் சொல்லுதா?"

கேட்டுப் பார்த்தேன். ஆச்சியின் அதே குரல், அதே குக்கர், இரட்டை அம்புக்குறி. பேச்சில் இடமும் இல்லை, தேதியும் இல்லை. "நம்ம பால்வாடி" என்றுதான் சொல்லியிருந்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இடமும் தேதியும் எங்கள் வழக்கம் என்று வைத்திருந்தோம், ஆச்சி பேசினால் எல்லாருக்கும் தெரியுமே என்று அன்று விட்டிருந்தேன்.

"உங்க நர்ஸம்மா சொல்லுததுதான் சரி மதினி. ஆச்சி சொன்னது எங்க ஏரியாவுக்கு மட்டும். அங்க அவிய சொல்லுத மாதிரி செய்யுங்க. உங்களுக்கு யாரு அனுப்புனாவளோ அவியளுக்கும் சொல்லிருங்க."

அன்று சாயங்காலம் டியூஷன் முடிந்ததும் வேம்படி வீட்டுக்குப் போனேன். சின்னவன் ஆச்சி மடியில் ஒரு பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஆச்சி, தன் குரல் களக்காடு வரைக்கும் போனதில் முதலில் ஆச்சரியப்பட்டாள், பிறகு முகம் மாறியது.

"அப்பம் அங்க ஒருத்தி என்னால குழம்பி நிக்காளா?"

"ஆமா ஆச்சி."

"போனை எடும். திரும்பப் பேசுவோம்." மடியிலிருந்தவனை மருமகளிடம் கொடுத்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்குத் தேதி என்ன?"

சொன்னேன். அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "அழுத்தும்" என்றாள். "மும்பை சீட்டா கேம்ப்புல இருந்து பேசுதேன்…"